அம்மாவுக்கு அரைக் கரண்டி

மறதிநோய் முற்றிய ஒன்பதாம் வருஷம் அம்மாவுக்கு விழுங்குவதும் மறந்துபோனது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். இரண்டு நாளில் மூன்று முறை பிடுங்கிப் போட்டாள். கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். வலி நிவாரணப் பிரிவு டாக்டரிடம் போய் அழுதேன். இந்தக் கட்டத்தில் குழாய் ஆயுளைக் கூட்டாது, சாப்பாடு நுரையீரலுக்குள் போவதையும் தடுக்காது என்றார். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014லேயே குழாய் வேண்டாம், கையால் ஊட்டுங்கள் என்று சொல்லிவிட்டதாம். வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

ஊட்டுவதில்தான் எல்லாமே இருக்கிறது. டிவியை அணைத்துவிடுங்கள். முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் சற்றுக் கீழே பார்க்கிற மாதிரி பிடித்துக்கொள்ளுங்கள். டீஸ்பூனில் பாதிதான். பச்சைத் தண்ணீர் சட்டென்று புரையேறும். கேழ்வரகுக் கூழ், குழைத்து மசித்த ரசஞ்சாதம் இறங்கும். தொண்டை ஒருதரம் ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருப்பாள், விரலால் வெளியே கன்னத்தைத் தடவினால் நினைவு வந்து விழுங்குவாள். இருமினாலோ, குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டாலோ அந்த வேளைக்குப் போதும். தூக்கக் கலக்கத்தில் ஊட்டவே கூடாது. முடித்ததும் அரைமணி நேரம் படுக்க விடாதீர்கள்.

நான்கு கரண்டியோடு வாயை மூடிக்கொண்டால் விட்டுவிடுங்கள். "பட்டினி போட்டுக் கொல்றியாடி?" என்று சித்தி கேட்டாள். உடம்பு அடங்கிக்கொண்டு வருவதால்தான் பசி குறைகிறது, சித்தி என்றேன். அவள் நம்பவில்லை. போகட்டும்.

இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வையுங்கள்; குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கடியில் துணிச்சுருட்டு. வலியை வாயால் சொல்லமாட்டார்கள். புரட்டும்போது புருவம் சுருங்குகிறதா, முனகுகிறாளா, கையை இறுக்கிக்கொள்கிறாளா என்று பார்த்துச் சொன்னால் டாக்டர் மருந்தை மாற்றுவார். தமிழ்நாட்டில் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்: 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் இதற்காக வீட்டுக்கே நர்ஸ் வருவார்.

கடைசி நாட்களில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். கேட்கிற நமக்குத்தான் பதறும். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பெரும்பாலும் தணியும். கரண்டியே வேண்டாம் என்றான பிறகு, ஈரத் துணியால் உதட்டை நனைத்துக்கொண்டே இருங்கள். அம்மாவுக்கு நான் அந்தத் துணியைக் கருப்பட்டிக் காபியில் நனைத்துப் பிழிந்து வைத்தேன். நாக்கை நீட்டினாள்.