மீன் உணவு டப்பாவின் பின்பக்கம்: எங்கே தவறாகப் படிக்கிறோம்?

தொட்டி மீன்களுக்கு உணவு வாங்கும்போது பலர் டப்பாவின் முன்பக்கப் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் திருப்பிப் பார்த்து, புரோட்டீன் எத்தனை சதவீதம் என்று தேடுகிறார்கள். 35 போட்டதைவிட 45 போட்டது நல்லது என்று எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

டப்பாவில் 'க்ரூட் புரோட்டீன்' என்று போட்டிருக்கும் எண், புரதத்தை நேரடியாக அளந்து வந்ததில்லை. உணவில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று பார்த்து, அதை 6.25-ஆல் பெருக்கிப் போடுகிறார்கள். அந்த நைட்ரஜன் மீன் சதையிலிருந்து வந்ததா, வேறு எதிலிருந்து வந்ததா என்பது இந்தக் கணக்கில் தெரியாது. இறால் ஓட்டில் இருக்கும் கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு. ஆகவே ஓடும் தலையும் அரைத்த தூளைச் சேர்த்தாலும் எண் ஏறும். மீனின் உடம்பில் ஒட்டுவது அந்த அளவுக்கு இருக்காது. 2007-இல் இந்த ஓட்டையை வைத்தே ஒரு பெரிய மோசடி நடந்தது. சீனாவிலிருந்து கோதுமைக் குளுட்டன் (கோதுமைப் புரதம்) என்ற பெயரில் வட அமெரிக்காவுக்குப் போன சரக்கில், பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். மெலமைனில் புரதமே கிடையாது, நைட்ரஜன் மட்டும் நிறைய. அது கலந்த உணவைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு இறந்தன. அப்படிப்பட்ட கலப்படச் சரக்கு மீன் தீவனத்துக்குள்ளும் போயிருந்தது பிறகு தெரியவந்தது.

சரி, எண் உண்மையானது என்றே வைத்துக்கொள்வோம். யாருக்கு அந்த 45? கோல்டு ஃபிஷுக்கு இரைப்பையே கிடையாது; தின்றது நேராகக் குடலுக்குப் போகும். வளர்ந்த கோல்டு ஃபிஷுக்கு 30, 35 சதவீதமே போதும். தேவைக்கு மேல் போகும் புரதத்தை மீன் உடைத்து, அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில்தான் விடும். ஆஸ்கர், அரோவானா, ஃபைட்டர் போன்ற ஊன் உண்ணிகளுக்கு 40-க்கு மேல் வேண்டும். பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும் ஆப்பிரிக்க சிக்லிட் வகைகளுக்கு அதே உணவைத் தொடர்ந்து போட்டால் வயிறு வீங்கிப் போகும் அபாயம் உண்டு. குஞ்சுகளுக்கு எந்த இனமானாலும் புரதம் கூடுதலாகத் தேவை. 'எல்லா மீனுக்கும்' என்று எழுதியிருப்பதை நம்பி, எல்லாத் தொட்டிக்கும் ஒரே டப்பாவை வாங்காதீர்கள்.

அடுத்தது, பட்டியலில் முதல் பெயரை மட்டும் பார்ப்பது. சேர்மானங்களை எடை வரிசையில், அதிகமானதை முதலில் போடுவதுதான் வழக்கம். ஆனால் அது கலவையில் சேர்க்கும்போது இருந்த எடை. பச்சை மீனில் முக்கால் பங்குக்கு அருகே தண்ணீர்தான். 'முழு சால்மன்' என்று முதலிடத்தில் இருந்தாலும், காய்ந்து பெல்லட் (உணவு உருண்டை) ஆனபிறகு அது இரண்டாம் மூன்றாம் இடத்துக்குப் போய்விடலாம். மீன்தூள் என்று போட்டிருந்தால் அது ஏற்கெனவே காய்ந்தது, எடை அப்படியே நிற்கும்.

இதைவிட நுட்பமானது, ஒரே தானியத்தைப் பிரித்துப் போடுவது. மீன்தூள், கோதுமை மாவு, சோயா பிண்ணாக்கு, கோதுமைக் குளுட்டன், அரிசித் தவிடு, சோள மாவு என்று ஒரு பட்டியல் இருக்கிறது என்று வையுங்கள். முதலில் நிற்பது மீன். ஆனால் பின்னால் வரும் ஐந்தையும் கூட்டினால் மீனைத் தாராளமாகத் தாண்டிவிடலாம். முதல் ஆறேழு பெயர்களையும் சேர்த்துப் படித்தால்தான் உள்ளே இருப்பது என்னவென்று பிடிபடும். 'மீன் மற்றும் மீன் சார்ந்த பொருட்கள்', 'தானியங்கள்' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருந்தால் எந்த மீன், அதன் எந்தப் பாகம் என்று கண்டுபிடிக்கவே வழியில்லை. இனத்தின் பெயரைச் சொல்லும் உணவுக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

மீன்தூளிலும் தரம் உண்டு. முழு நெத்திலியை அரைத்ததும், பதப்படுத்தும் ஆலையில் மிஞ்சிய தலையையும் முள்ளையும் அரைத்ததும் ஒன்றல்ல. இதைப் பிடிக்க ஒரு வழி, 'ஆஷ்' என்ற எண். உணவை எரித்தபின் மிஞ்சும் தாதுச் சாம்பல் அது. யாரும் சாம்பலைக் கொண்டுவந்து கலப்பதில்லை. எலும்பும் செதிலும் கூடினால் அது ஏறும், கூடவே பாஸ்பரஸும் ஏறும். அதில் ஒரு பங்கு கடைசியில் தொட்டியில் பாசிக்கு உரமாகப் போகிறது. காய்ந்த உணவில் 10 சதவீதத்துக்கு உள்ளே இருப்பது நல்லது. எல்லாக் கம்பெனியும் இந்த எண்ணைப் போடுவதில்லை. போடுகிறவர்களை நான் கூடுதலாக நம்புகிறேன்.

இவ்வளவும் படித்தபிறகு, கோதுமை என்ற பெயரைப் பார்த்ததும் டப்பாவைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. அதுவும் தவறுதான். மாவுச்சத்து இல்லாமல் பெல்லட் உருண்டையாக நிற்காது. மிதக்கும் பெல்லட் பொரிந்து வருவதே அதனால்தான். தானியம் இல்லை என்று விளம்பரம் செய்யும் உணவிலும் உருளைக்கிழங்கோ பட்டாணியோ மரவள்ளி மாவோ அந்த வேலையைச் செய்கிறது. கோல்டு ஃபிஷும் கெண்டை வகைகளும் மாவுச்சத்தை ஓரளவு நன்றாகவே செரிக்கும். ஃபைட்டருக்கும் அரோவானாவுக்கும்தான் அது குறைவாக இருக்க வேண்டும்.

நிறம் பற்றிச் சுருக்கமாக. அஸ்டாசாந்தின், சுருள்பாசி, செண்டுமல்லிச் சாறு, மிளகாய்ச் சாறு போன்றவை சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறத்தை உண்மையிலேயே ஏற்றும், ஏனென்றால் மீன்கள் அந்த நிறமிகளைத் தாமாக உண்டாக்க முடியாது. நீல நிறம் பெரும்பாலும் செல்களில் ஒளி சிதறுவதால் தெரிவது, அதை இவற்றால் கூட்ட முடியாது. 'ரெட் 40' போன்ற செயற்கைச் சாயம் உணவைத்தான் சிவப்பாக்கும், வாங்குகிறவர் கண்ணுக்காக.

உறைந்த பிளட் வார்ம் (மீனுக்குப் போடும் சிவப்புப் புழு) பொட்டலத்தில் புரதம் 6 சதவீதம் என்று பார்த்துவிட்டுச் சத்தில்லை என்று ஒதுக்காதீர்கள். அதில் 90 சதவீதம் தண்ணீர் என்றால், மீதி 10-இல் 6 புரதம், அதாவது காய்ந்த கணக்கில் 60. ஈரப்பதம் 8 சதவீதம் உள்ள ஃபிளேக்ஸில் 45 என்பது இதே கணக்கில் 49 வரும்.

கொழுப்பு கெடாமல் இருக்கச் சேர்க்கும் எத்தாக்சிகுயின் என்ற ரசாயனம் பட்டியலில் இல்லை என்பதால் உணவிலும் இல்லை என்று அர்த்தமில்லை. மீன்தூளின் கொழுப்பு காற்றோடு சேர்ந்து சூடாகித் தானே தீப்பிடிக்கக்கூடியது, அதனால் கப்பலில் ஏற்றும் முன்பே ஏதாவது ஒரு ஆன்டி ஆக்சிடன்ட் சேர்ப்பார்கள். உணவுக் கம்பெனி தானாகச் சேர்க்காததைப் பட்டியலில் காட்டாமல் விடலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் எத்தாக்சிகுயினுக்கான அனுமதியை நிறுத்திவைத்தது.

அப்புறம், சேர்மானம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பழசானால் பயனில்லை. சாதாரண வைட்டமின் சி சூட்டிலும் சேமிப்பிலும் வேகமாக அழியும்; அது குறைந்தால் மீனின் முதுகெலும்பு வளையும். பட்டியலில் அஸ்கார்பில் பாஸ்பேட் வகைப் பெயர் இருந்தால் தாங்கும் வடிவத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கொளத்தூர் போன்ற சந்தைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து சின்ன பாலிதீன் கவரில் கட்டித் தரும் உணவில் பட்டியலும் இருக்காது, தேதியும் இருக்காது. விலை குறைவு என்பதற்காக அதை வாங்க வேண்டாம். காலாவதி தேதி திறக்காத டப்பாவுக்குத்தான் பொருந்தும். இரண்டு மூன்று மாதத்தில் தீரும் அளவு வாங்குங்கள். பெரிய டப்பாதான் கிடைத்தது என்றால், பாதியைக் காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டு, மீதியை விளக்குச் சூடும் ஈரமும் படும் தொட்டி மூடிமேல் வைக்காமல் தள்ளி ஓர் அலமாரியில் வையுங்கள்.