டெஸ்க்டாப் மென்பொருளுக்கு அணுகல்தன்மை சோதனை: திட்டம் போடுவது எப்படி?

விண்டோஸில் ஓடும் ஒரு பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பார்வையற்ற ஒருவர் யார் உதவியும் இல்லாமல் அதில் பில் போட முடியுமா? கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவர்? இப்படிப்பட்டவர்களும் பயன்படுத்த முடிவதுதான் அணுகல்தன்மை. இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுவதுதான் நம் திட்டம்.

படி 1: வேலைகளைப் பட்டியல் போடுங்கள்

பலர் திரை திரையாகப் பட்டியல் போடுகிறார்கள். வேலைவாரியாகப் போடுவதே நல்லது: உள்நுழைவது, பில் போடுவது, தப்பான வரியை நீக்குவது, அச்சிடுவது. தினமும் செய்கிற வேலைகள் முதலில் வரட்டும்.

படி 2: மவுஸைக் கழற்றிவிடுங்கள்

ஒவ்வொரு வேலையையும் கீபோர்டிலேயே முடியுங்கள். டேப் அழுத்தும்போது எங்கே நிற்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிகிறதா? திறந்த பெட்டி எஸ்கேப் அழுத்தினால் மூடுகிறதா? மூடியபின் பழைய இடத்துக்கே திரும்புகிறோமா? கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது.

படி 3: காதால் கேட்டுப் பாருங்கள்

அதிக நேரம் இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். விண்டோஸிலேயே உள்ள நேரேட்டர் என்ற ஸ்கிரீன் ரீடரை கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தித் திறக்கலாம்.

சோதிக்கும் முன்பே, ஒவ்வொரு இடத்திலும் காதில் என்ன விழ வேண்டும் என்று எழுதிவையுங்கள். உதாரணமாக, குப்பைத்தொட்டி படம் போட்ட பட்டனுக்கு: "வரியை நீக்கு, பட்டன்". இப்போது மானிட்டரை அணைத்துவிட்டு டேப் அழுத்திப் போங்கள். வெறுமனே "பட்டன்" என்று மட்டும் கேட்டால், புரோகிராமர் அதற்குப் பெயர் கொடுக்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் யூஐ ஆட்டோமேஷன் என்ற விண்டோஸ் ஏற்பாடு வழியாகத்தான் ஸ்கிரீன் ரீடருக்குப் பட்டனின் பெயரும் நிலையும் போய்ச் சேர்கின்றன. அங்கே பெயர் காலியாக இருந்தால் அது எதைப் படிக்கும்?

அப்புறம், வேண்டுமென்றே தப்பான தொகையைப் போடுங்கள். கட்டம் சிவப்பாக மட்டும் மாறி காதில் ஒன்றும் விழாவிட்டால் அதுவும் பழுதுதான்.

படி 4: நிறமும் எழுத்தும்

டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற சர்வதேச அணுகல்தன்மை விதிப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும். பெரிய எழுத்துக்கு 3:1 போதும். மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியான அக்சஸிபிலிட்டி இன்சைட்ஸ் இதை அளக்க உதவும். விண்டோஸில் எழுத்தளவை 225% வரை ஏற்றி, வார்த்தைகள் வெட்டுப்படுகின்றனவா என்றும் பாருங்கள்.

படி 5: ஆட்களும் தேதியும்

தினமும் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவர்களைச் சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள். வெளியீட்டுக்கு முந்தைய வாரம் கூப்பிட்டால் எதையும் திருத்த நேரம் இருக்காது. முதல் மாதிரி தயாரானதுமே கூப்பிடுங்கள். அவர்களால் பில் போட முடியாமல் தடுக்கிற எந்தப் பழுதுக்கும், மென்பொருள் கிராஷ் ஆனால் தருகிற அதே முன்னுரிமையைத் தர வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.