திருகோணமலைக்கு வரும் நம்மாட்களுக்கு: மீந்த சோறும் இரண்டு முட்டையும்

இலங்கையில் திருகோணமலைப் பக்கம் சீனக்குடாவிலோ சம்பூரிலோ வேலை கிடைத்துத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் முதலில் விசாவைக் கேட்கிறார்கள், அடுத்து வீட்டை. சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை, "அங்கேயும் தமிழ் ஊர்தானே" என்று விட்டுவிடுகிறார்கள்.

விசா வேலையைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். குடிவரவு அலுவலகம் இருக்கும் பத்தரமுல்லைக்கு வரச் சொன்னால் அசல் பத்திரங்களோடு ஜெராக்ஸையும் கூடுதலாக எடுத்துக்கொண்டு போங்கள். சிம் வாங்க பாஸ்போர்ட்டோடு போங்கள். வீட்டுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாக அட்வான்ஸ் கேட்பது இங்கே சகஜம். அது வாடகையில் கழிகிற பணமா, திருப்பித் தருகிற பணமா என்று கையோடு எழுதி வாங்கிவிடுங்கள். அப்படியே ஃபிரிட்ஜ் உண்டா என்றும் கேளுங்கள். மாடி, காற்று, கடல் தெரியும் ஜன்னல் எல்லாம் விசாரித்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். என் நண்பனும் அப்படித்தான் உப்புவெளியில் ஒரு அனெக்ஸ் (வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி) பிடித்தான்.

தனியாக இருக்கிறவனுக்கு இந்த ஊரில் பெரிய செலவு ராத்திரிச் சாப்பாடு. பொழுது சாய்ந்தால் ரோட்டோரம் கொத்து ரொட்டி போடும் சத்தம் கூப்பிட ஆரம்பித்துவிடும். மீந்த ரொட்டியைக் கொத்தி, முட்டையும் கறியும் சேர்த்து ஏழை வயிற்றுக்குச் செய்த சாப்பாடு அது, கிழக்கு மாகாணத்தில்தான் பிறந்தது என்று இங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இப்போது தினமும் வாங்கினால் பர்ஸ் தாங்காது. அதனால் எல்லோரும் வந்து சேருகிற இடம் ஒன்றுதான்: நேற்றைய மீதி, இரண்டு முட்டை, ஒரு வெங்காயம். நல்ல யோசனைதான், நானும் வாரத்தில் பாதி நாள் அதைத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் நண்பன் மாட்டிக்கொண்டதும் அதில்தான்.

ராத்திரி ஒரு குக்கர் சோறு வடித்தான். பாதி சாப்பிட்டான். சுவிட்சை அணைத்து, மூடியைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதம், ராத்திரியிலும் சுவர் சுடும். காலையில் அந்தச் சோற்றையே முட்டை போட்டு வறுத்துச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான். மத்தியானத்துக்குள் வாந்தி, நிற்கவே இல்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏற்றிக் கொடுத்த பில்லுக்கு எத்தனை கொத்து வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் பார்க்காமலிருப்பது நல்லது.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் நேராக முட்டைக் கடைக்குப் போனான். "அண்ணே, அழுகின முட்டையைக் குடுத்துட்டீங்களே!" கடைக்காரர் சத்தம் போடவில்லை. ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, அதே தட்டிலிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். எல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. பழைய முட்டை என்றால் குத்திட்டு நிற்கும், ரொம்பப் பழசு மிதக்கும். மிதக்கிற முட்டை ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கார அக்காதான் விஷயத்தைப் போட்டு உடைத்தார்: "முட்டையில பிழை இல்ல தம்பி. சோத்த மூடி வச்சீங்கதானே, அதைப் பாருங்கோ."

அக்கா சொன்னது முழுக்கச் சரி. அரிசியோடு பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வருகின்றன. சோறு வேகும் கொதியில் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகும், அதில் ஒரு வகை சோற்றிலேயே நச்சைக் கக்கி வைக்கும். அந்த நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது என்றால், உங்கள் வாணலியில் ஐந்து நிமிடம் வறுப்பது எம்மாத்திரம்? சாப்பிட்ட 1 மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். சோறு நாறாது, நூல் விடாது, ருசியும் மாறாமல் இருக்கலாம். அதனால்தான் பழி எப்போதும் முட்டை மேல் விழுகிறது.

"ஊர்ல பழைய சோறு தின்னு வளர்ந்தவன்டா நான்" என்று அவன் வாதாடினான். பழைய சோறு வேறு கதை. அம்மா சோற்றை ஆறவிட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி வைப்பாள். அது புளிக்கும், அந்தப் புளிப்பில் மற்ற கிருமிகள் அவ்வளவாகத் தலையெடுக்காது. குக்கரில் மூடிய சோறு புளிக்கவும் இல்லை, குளிரவும் இல்லை. காலையில் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கிற அந்த நீராகாரத்தை நினைத்தால் இங்கே எனக்கும் தொண்டை அடைக்கும். அது வேறு.

என்ன செய்யலாம்? மீதி வரும் என்று தெரிந்தால் சாப்பிட உட்காருவதற்கு முன்பே எடுத்து, அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஃபேனுக்குக் கீழே வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். மறுநாளே முடித்துவிடுங்கள், ஒரு தடவைதான் சூடாக்க வேண்டும். கடையில் வாங்கிய இடியாப்பத்துக்கும் பிட்டுக்கும் இதே சட்டம், அதுவும் அரிசிதான். கூட வரும் சொதியை மட்டும் அன்றைக்கே குடித்துவிடுங்கள். தேங்காய்ப்பால் இந்த வெக்கையில் காத்திருக்காது.

கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள், மூடியே இருந்தால் நாலு மணி நேரம் தாங்கும். 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்து நாடு முழுக்கக் கரண்ட் போனது. அன்றைக்குத் திறந்து திறந்து பார்த்தவர்கள் எல்லாவற்றையும் கொட்டினார்கள்.

இனிச் சமையல். இடியாப்பம்தான் என் கட்சி. ஃபிரிட்ஜில் இருந்தது விறைத்திருக்கும், கையால் உதிர்த்து லேசாகத் தண்ணீர் தெளித்து வையுங்கள். எண்ணெயில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, விரல் நீளம் ரம்பை என்ற வாசனை இலை. வெங்காயம் ஓரம் சிவந்ததும் எல்லாவற்றையும் ஒதுக்கி, நடுவில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி உப்புப் போடுங்கள். உடனே கிளறாதீர்கள். அடி பிடித்து மேலே இன்னும் தளதளவென்று இருக்கும்போது பெரிய துண்டுகளாகக் கலைத்து, இடியாப்பத்தைக் கொட்டி, ஃபிரிட்ஜில் வைத்த பருப்புக்கறி இருந்தால் இரண்டு கரண்டியைச் சட்டி ஓரமாகச் சுற்றி விடுங்கள். சுர்ரென்று ஆவி எழும். மூடி வைத்து, நடு வரைக்கும் நன்றாகச் சூடேறிய பிறகு இறக்குங்கள். கொஞ்சம் மாசித்தூள் (காய்ந்த சூரைமீன் பொடி) தூவினால் கடைக்கொத்து தோற்றுவிடும். சோறு என்றாலும் இதே வழி, மிளகு கொஞ்சம் கூட.

ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் சோற்றை மீத்தவே வேண்டாம், அளந்து போடுங்கள். உங்களுக்குப் பாண், அதாவது பிரெட், இருக்கிறது. தெருவில் பீத்தோவன் மெட்டைப் பாடிக்கொண்டு வரும் பாண் ஆட்டோவை நிறுத்தி ஒரு ராத்தல் (ஒரு முழு பிரெட்) வாங்குங்கள். மீந்த பாண் ராத்திரி முழுக்க வெளியே இருந்தாலும் காயுமே தவிர பெரும்பாலும் கெடாது, பூசணம் பிடித்தால் மட்டும் முழுதாகத் தூக்கிப் போடுங்கள். பிய்த்துப்போட்டு மேலே சொன்ன மாதிரியே செய்தால் பாண் கொத்து. முட்டையை அன்றன்றைக்கு இரண்டாகவே வாங்கலாம், ஒற்றை முட்டைக்கும் முகம் சுளிக்காத கடைகள் இவை. 2023-இல் தட்டுப்பாடு வந்து இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தபோது நாமக்கல்காரன் ஒருவனை இங்கே எல்லோரும் ராஜா என்று கிண்டல் செய்தார்கள்.

கெட்டுப்போன சோற்றைப் பாலித்தீன் பையில் கட்டி வாசலில் வைக்காதீர்கள். கோட்டைப் பக்கத்து மான்கள் டவுன் முழுக்கத் திரிகின்றன, பையோடு சேர்த்து மென்றுவிடும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள், வீட்டுக்கார அக்காவைக் கேட்டால் எந்தத் தென்னையடியில் என்று காட்டுவார்.