குவாங்சோவில் முதல் நாள்

காரைக்குடியில் எனக்கு ஹார்டுவேர் கடை. சரக்குப் பார்க்க சீனாவின் குவாங்சோ நகரத்துக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

போனில் பணம் கட்டும் அலிபே ஆப்பை ஊரிலேயே இறக்கி, பாஸ்போர்ட் விவரம், கார்டு எல்லாம் ஏற்றிவிடுங்கள். அங்கே பழ வண்டியில்கூட கியூஆர்தான். கூகுளும் வாட்ஸ்அப்பும் ஓட்டல் வைஃபையில் திறக்காது. நம் சிம்மில் ரோமிங் போட்டால் ஓடும்.

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். பையுன் விமான நிலையத்திலிருந்து 3-ஆம் எண் மெட்ரோ நேராக ஊருக்குள் போகும். டாக்சி என்றால் முகவரி சீன எழுத்தில் இருக்க வேண்டும். முதல் தடவை நான் இங்கிலீஷ் சீட்டை நீட்டினேன். டிரைவர் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார்.

சாப்பாடுதான் பெரும்பாடு. சைவம் என்று போனில் எழுதிக் காட்டினேன். தலையாட்டினார்கள், வந்த கீரையில் சிப்பிச் சாஸ் மணத்தது! சரி என்று ரூமுக்கு வந்து, கெட்டிலில் வெந்நீர் வைத்து அவலை நனைத்தேன். ஆச்சி கட்டிக் கொடுத்த பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்தால், அமிர்தம். எண்ணெய்ப் பாட்டிலைச் செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள்.

அப்புறம், குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்.