ஸ்டாட்டிக் துளை அடைத்தால்: ஆல்டர்னேட் குமிழை எப்போது, எப்படி இழுப்பது?

மண் குளவிக்குப் பிடித்த இடம் பிடாட் குழாய், அதாவது வேகத்தை அளக்க எதிர்காற்றை வாங்கும் குழாய். ஆனால் உயரம், வேகம், ஏற்ற இறக்கம் காட்டும் கருவிகளுக்கு வெளிக் காற்றழுத்தத்தைக் கொடுக்கும் ஸ்டாட்டிக் துளையை அடைப்பது பெரும்பாலும் நம் கைதான்: கழுவும்போது ஒட்டிய டேப், பாலிஷ் மெழுகு, உள்ளே தங்கிய தண்ணீர். 1996-இல் ஏரோபெரு 603 விமானம் கடலில் விழுந்து 70 பேர் இறந்தது, எடுக்க மறந்த டேப்பால்தான்.

இங்கே செஸ்னா 172-ஐ வைத்துச் சொல்கிறோம்.

கிளம்பும் முன்: இடப்பக்க உடலின் முன்பகுதியில் உள்ள துளையைப் பாருங்கள், விரலால் தடவுங்கள். வாயால் ஊதாதீர்கள், உள்ளே இருக்கும் கருவிகள் கெட்டுவிடும். க்யூஎன்ஹெச் (கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட அன்றைய காற்றழுத்தம்) வைத்தால் வேலூர் அப்துல்லாபுரம் ஓடுதளத்தில் ஆல்டிமீட்டர் (உயரமானி) 760 அடியை ஒட்டிக் காட்ட வேண்டும். ஆனால் துளை அடைத்திருந்தாலும் தரையில் முள் சரியாகவே நிற்கக்கூடும். அதனால் கண்ணும் விரலும்தான் நம்பகம்.

வானத்தில் அடையாளம்: ஏறுகிறீர்கள், ஆல்டிமீட்டர் அசையவில்லை, விஎஸ்ஐ (ஏறும், இறங்கும் வேகம் காட்டும் கருவி) பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டது, வேகமுள் மட்டும் குறைகிறது. இறங்கும்போது இது தலைகீழ்: வேகம் அதிகமாகக் காட்டும். அதை நம்பி மூக்கைத் தூக்கினால் ஸ்டால்தான், இறக்கை தூக்கும் விசையை இழந்துவிடும். ஏறும்போது வரும் பொய்யைவிட இந்தப் பொய் மோசம்.

1. முள்ளை விடுங்கள். மூக்கின் நிலையையும் ஆர்பிஎம்-ஐயும் வைத்துப் பறங்கள்.
2. ஜன்னல்களை மூடுங்கள். வென்ட், ஹீட்டரைக் கையேடு சொல்வதுபோல் வையுங்கள்.
3. த்ராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) பக்கத்தில் உள்ள ஆல்டர்னேட் ஸ்டாட்டிக் (மாற்று அழுத்த வழி) குமிழை முழுதாக வெளியே இழுங்கள்.
4. விஎஸ்ஐ ஒரு துள்ளு துள்ளி அடங்கும். பிறகு மூன்று முள்ளும் உயிர் பெறும்.

இப்போது காற்றழுத்தம் கேபினுக்குள்ளிருந்து வருகிறது. ஓடும் விமானத்தில் அது வெளியைவிடச் சற்றுக் குறைவு, அதனால் பொதுவாக உயரமும் வேகமும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். நம்ப முடியவில்லையா? பாரோமீட்டர் உள்ள போனுடன் பள்ளிகொண்டா நெடுஞ்சாலையில் காரில் போங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஜன்னலை இறக்கியதும் அழுத்தம் மாறுவதைப் பின்சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறக்குறைய 28 அடி. விமானத்துக்கான திருத்த அட்டவணை கையேட்டின் 5-ஆம் பகுதியில் இருக்கிறது.

குமிழே இல்லாத பழைய விமானமா? கடைசி வழி, கேபின் காற்று உள்ளே போக விஎஸ்ஐ கண்ணாடியை உடைப்பது. அதற்குப் பிறகு விஎஸ்ஐ முள்ளை நம்பவே நம்பாதீர்கள், தலைகீழாகக்கூடக் காட்டும்.

இறங்கியதும் பழுதைப் பதிவேட்டில் எழுதுங்கள். பொறியாளர் துளையைச் சரிசெய்த பிறகு குமிழ் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், அடுத்துக் கிளம்புபவர் கேபின் அழுத்தத்தோடு பறக்க வேண்டாம்.