கட்டுப்பாட்டுப் பொறியியலையும் மேலாண்மையையும் சேர்த்து முதுநிலையில் படிப்பது எப்படி?

முதலில் கணக்கைத் தேற்றிக்கொள்ளுங்கள். லாப்லாஸ் உருமாற்றம், அணிகள், ஐகன் மதிப்பு, வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் வகுப்பு தொடங்கும் முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும். முதுநிலையில் இதையெல்லாம் அடியிலிருந்து சொல்லித்தர நேரம் இருக்காது, மேலாண்மைப் பாடங்களின் அசைன்மென்ட் வேறு அதே வாரத்தில் வந்து நிற்கும்.

அப்புறம், இரண்டையும் தனித்தனி நோட்டில் வைத்துப் படிக்காதீர்கள். இரண்டுக்கும் அடியில் ஓடுவது பின்னூட்டம்தான், அதாவது விளைவை அளந்து பார்த்து அடுத்த செயலைத் திருத்துவது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சர்வோ கருவிகளில் (தன் நிலையை அளந்து தானே திருத்திக்கொள்ளும் இயக்கிகள்) வேலை பார்த்த ஜே ஃபாரஸ்டர் 1956-இல் அங்கேயே மேலாண்மைப் பள்ளிக்கு மாறி, கிடங்குச் சரக்கு ஏறி இறங்குவதை அதே கண்ணோடு பார்த்தார். நீங்களும் செய்து பாருங்கள்: மேட்லாபிலோ, இலவசமாகக் கிடைக்கும் பைத்தானிலோ ஒரு தொட்டியின் வெப்பநிலைக்கு பிஐடி (பிழையின் அளவு, அதன் கூட்டுத்தொகை, அது மாறும் வேகம் மூன்றையும் பார்த்துத் திருத்தும் கட்டுப்படுத்தி) போட்டு, சென்சார் தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஒரு கட்டத்தில் லூப், அதாவது அளந்து திருத்தும் அந்தச் சுற்று, நிலைகொள்ளாமல் மேலும் கீழும் ஆடத் தொடங்கும். இப்போது வெப்பநிலைக்குப் பதில் கிடங்கு இருப்பு, சென்சார் தாமதத்துக்குப் பதில் சரக்கு வந்துசேரும் தாமதம் என்று வையுங்கள். அதே ஆட்டம்தான்.

நிதிப் பாடத்தைக் கண்டு பயப்படவே வேண்டாம். நிகரத் தற்போதைய மதிப்பு (பிற்காலப் பணத்தை இன்றைய மதிப்பில் கூட்டிப் பார்ப்பது) என்பது, வருடாவருடம் வரும், போகும் பணத்தின் இசட் உருமாற்றத்தில் (எண் தொடர்களுக்கான லாப்லாஸ் போன்றது) இசட்டுக்குப் பதில் 1 + தள்ளுபடி விகிதம் (பிற்காலப் பணத்தின் மதிப்பை ஆண்டுதோறும் குறைக்கும் வட்டி போன்ற விகிதம்) என்று போட்டால் கிடைப்பது, அவ்வளவுதான்.

ப்ராஜெக்ட்தான் முக்கியம், அதில் இரண்டு பக்கமும் சந்திக்க வேண்டும். உதாரணமாகக் காகித ஆலை. ஈரப்பதம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. லூப் 1 சதவீதம் மேலும் கீழும் ஆடினால் செட்பாயிண்ட்டை (இலக்கு அளவை) 9-இல்தான் வைக்க முடியும். நன்றாக ட்யூன் செய்து, அதாவது கட்டுப்படுத்தியின் எண்களைச் சரிசெய்து, ஆட்டத்தை 0.4-ஆகக் குறைத்தால் 9.6 வரை ஏற்றலாம். காகிதம் எடைக்கு விற்பதால் அந்த ஈரமும் எடையில் சேர்ந்து, 1000 டன்னுக்கு ஆறரை டன் போல, அதே நாரிலிருந்து கூடுதலாக விற்பனைக்குக் கிடைக்கிறது, உலர்த்தும் நீராவியும் மிச்சம். ட்யூனிங்கின் பலனை இப்படிப் பணத்தில் எழுதிக் காட்டுகிற ஆய்வறிக்கை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, ஒரு எச்சரிக்கை: ஆலைத் தரவு கேட்டால் உடனே கிடைக்காது, ரகசிய ஒப்பந்தம், அனுமதி என்று இழுக்கும். முதல் பருவத்திலேயே கேட்டு வையுங்கள், அது வரும்வரை சிமுலேஷனில் வேலையை நகர்த்துங்கள்.