வீட்டில் சண்டை போட்டுவிட்டு மலைக்குக் கிளம்புகிறாயா? பஸ் ஏறுவதற்கு முன்னால்

அப்பா கை நீட்டிவிட்டார், இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாய். சரி. வீட்டை விட்டு வெளியேற அது போதுமான காரணமா என்றால், ஆமாம் என்றுதான் சொல்வேன். குரங்கணிக் காட்டுக்குள் தனியாக நடக்க அது போதாது. நானும் பத்தொன்பது வயதில் அப்படிப் போய், ராத்திரி முழுக்கக் குளிரில் பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தேன். நான் வீட்டில் இல்லை என்பதே அப்பாவுக்கு விடிந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் ஒருவரிடம் சொல். அப்பாவிடம் வேண்டாம், அத்தையிடமோ கூட்டாளியிடமோ. எந்த வழியில் போகிறாய், எத்தனை மணிக்குப் பேசுவாய், பேசாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதியே கொடு. மேலே பல இடங்களில் டவர் கிடைக்காது.

2018 மார்ச் 11 அன்று குரங்கணித் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அவர்கள் கோபித்துக்கொண்டு போனவர்கள் இல்லை, கூட்டமாக, வழிகாட்டியோடு போனவர்கள். யானையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்ட அரிக்கொம்பன் 2023 மே மாதம் கம்பம் தெருவுக்கே வந்துவிட்டது.

அப்புறம் திரும்பும் வழி. கிறிஸ்டோபர் மெக்கான்ட்லெஸ் என்ற 24 வயது அமெரிக்கப் பையன், பெற்றோர் மேல் வெறுப்போடு போனவன், 1992 ஏப்ரலில் அலாஸ்காவில் தண்ணீர் குறைவாக இருந்த ஒரு ஆற்றைத் தாண்டிப் போனான், ஜூலையில் திரும்பி வந்தால் ஆறு பெருகி ஓடுகிறது. கொஞ்ச தூரத்தில் ஆற்றைக் கடக்கக் கம்பியில் தொங்கும் கூடை ஒன்று இருந்தது, அவன் கையில் விவரமான வரைபடம் இல்லை. ஆகஸ்டில் பட்டினியோடு செத்துப்போனான். இங்கேயும் ஐப்பசி மழையில், காலையில் செருப்போடு தாண்டின ஓடை சாயங்காலம் இடுப்பளவு வந்துவிடும்.

மலைதான் வேண்டும் என்றால் ஆள் இருக்கிற மலைக்குப் போ. மேலே கேரளப் பக்கம் பூப்பாறையிலோ சூரியநெல்லியிலோ எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு பெரியம்மாவாவது இல்லாத குடும்பம் நம் பக்கம் குறைவு. விடியற்காலை ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் தெரிந்தவர் யாராவது இருப்பார். காடுதான் வேண்டுமென்றால் வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டியோடு.

வீட்டில் அடி நிற்கவில்லையா, பதினெட்டுக்குக் கீழ் என்றால் 1098-க்குப் போன் போடு, பெண்ணாக இருந்தால் 181. மனசு ஒரு நிலையில் இல்லையென்றால் 14416, தமிழிலேயே பேசுவார்கள்.

போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்கு ஒரு மெசேஜ்: ‘பெரியம்மா வீட்டில் இருக்கிறேன், சாப்பிட்டேன்.’ எப்போது வருவாய் என்றெல்லாம் இப்போது எழுத வேண்டாம்.